நாடா வீட்டுக் கடல்

ஒரே இடத்தில் மூன்று நிமிடம் உட்கார்ந்தார் என்று எங்கள் தெரு நாடாவின் மீது யாரும் புகார் கொடுத்திருக்க முடியாது. கொடுத்திருந்தாலும் முதல் விசாரணையிலேயே பொய்ப் புகார் என்று தள்ளுபடி ஆகியிருக்கும். வருவாய்த் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் குப்பை கொட்டி, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். என் மேசைக்கு முன்னால் நிலைகொள்ளாமல் நின்றவர்கள் ஏராளம். ஆனால் அவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் நான்தான். நாடாவுக்குக் காரணமே தேவைப்படவில்லை.

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்திருக்கும். தெருவில் யாருக்கும் தெரியாது. பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி மெக்கானிக்காக இருந்தவர். தறியில் ஊடை நூலைச் சுமந்துகொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாய்ந்துகொண்டே இருக்குமே ஒரு கட்டை, அதற்குப் பெயர் நாடா. ஒரு தறியைச் சரி செய்துகொண்டிருக்கும்போதே, நாலு வீடு தள்ளி ஓடும் தறியின் சத்தம் சரியில்லை என்று திருப்புளியோடு ஓடுவாராம். பெயர் ஒட்டிக்கொண்டது. திருத்தணியில் என் வீட்டை ஒட்டி, ஒரே காம்பவுண்டுச் சுவரோடு வீடு கட்டிக் குடிவந்தபோது, பாத்திர பண்டங்களோடு அந்தப் பெயரும் வந்து இறங்கியது.

என்னைத் "தாசில்தார் சார்" என்பார்.

"துணை வட்டாட்சியர்" என்று திருத்துவேன்.

"ஆங், அதான் சார், தாசில்தாரு."

ஒரு நாள் மோட்டார் உதிரி பாகம் வாங்கச் சென்னைக்குப் போனவர், பாகத்தை வாங்காமல் திரும்பி வந்தார். பக்கத்துக் கடையில் உப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்றைப் பார்த்துவிட்டாராம். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒன்று பவளக் கொத்துக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்ததாம்.

"ரெண்டு மணி நேரம் பாத்துகினு நின்னேன் சார். அது அந்த எடத்த விட்டுப் போவவே இல்ல. ஆனா ஒரு செகண்டு சும்மாவும் இல்ல."

அவர் சொன்னதில் ஓர் உறவினரைக் கண்டுபிடித்த சந்தோஷம் இருந்தது.

அடுத்த வாரம், தறிக்காரர்கள் டிசைன் போடும் கட்டம் போட்ட தாளைச் சுருட்டிக்கொண்டு சுவரைத் தாண்டி வந்தார். கேட் வழியாக வருவது அவருக்குச் சுற்று வழி. தாளை என் ஹாலில் விரித்தார். சோபாவில் ஆரம்பித்து சமையலறை வாசல்வரை போயிற்று. வீட்டுக்குள் ஒரு கடல். நாலு தொட்டி. பம்ப், விளக்கு, குளிர்விக்கும் இயந்திரம், ஆவியாகிப் போகிற தண்ணீரைத் தானே நிரப்பிக்கொள்ளும் குழாய், உப்பின் அளவு பார்க்கும் கருவி. எல்லாம் மனிதக் கை படாமல் தானாக ஓட வேண்டும்.

"நம்ம மலைக்கு முந்நூத்தி அறுவத்தஞ்சு படி. என் பிளானுக்கு அத விட ஒண்ணு ஜாஸ்தி சார்."

"அந்த ஒண்ணு என்ன?"

"சுசீலா கிட்ட சொல்லணும்."

"அது எத்தனையாவது படி?"

"கடைசி."

சுசீலா அவருடைய மனைவி; அவரைப் 'பாவா' என்றுதான் கூப்பிடுவாள். அந்த அம்மாளுக்கு விஷயம் முந்நூற்று அறுபத்தாறாவது படிவரை காத்திருக்கவில்லை. ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டியை ஆறு பேர் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றபோதே தெரிந்துவிட்டது. இறக்கி வைக்க இடம் காட்டப்பட்டதோ, மகள் கீதா பிரசவத்துக்கு வரும்போது தங்குவதற்கென்று சுண்ணாம்பு அடித்து வைத்திருந்த அறை.

"பொறந்த வீட்டுக்கு வர பொண்ண எங்க படுக்க வெப்பே பாவா? அந்தத் தொட்டிக்குள்ளயா?"

"அவ வரதுக்கு இன்னும் நாளு கீது சுசீ. இன்னும் கல்யாணமே ஆவல."

"பாத்தியா சார், இவரு கணக்கு?" என்று சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம் முறையிட்டாள். நான் மேல்முறையீட்டு அதிகாரி அல்ல என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

தொட்டிகளுக்கு நாடா வைத்த பெயர்கள்: பெருசு, கீழது, பாசி, ஆசுபத்திரி. பெருசில் மீனும் பவளமும். கீழது அதற்கு அடியில் அலமாரிக்குள் இருந்து தண்ணீரைச் சுத்தம் செய்யும். பாசியில் பாசி. இந்த மூன்றிலும் ஒரே தண்ணீர்தான் சுற்றி வரும். ஆசுபத்திரி தனி, புதிதாக வரும் உயிர்களைச் சில வாரம் அதில் வைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே பெருசுக்கு மாற்ற வேண்டும். நடைமுறை என்று ஒன்று இருப்பதைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கடல்மேல் முதன்முதலாக மரியாதை வந்தது. சட்டத்தையும் சொல்லி வைத்தேன். கடலில் உடைத்து எடுத்த பவளம் ஒரு விரல்கடை உள்ளே வந்தாலும் முதல் புகார் என்னுடையதுதான். தொட்டியிலேயே வளர்த்து விற்கும் மெத்தென்ற வகைகளை மட்டும், ரசீதோடு வாங்கினார். ரசீதுகளுக்கு நான் ஒரு கோப்பு திறந்தேன். சும்மா இருந்த கைக்கு அது ஆறுதலாக இருந்தது.

மூட்டை மூட்டையாக உப்பு வந்து இறங்கியதும் தெருவில் யாரோ மனு போட்டுவிட்டார்கள். 'மேற்படி நபர் குடியிருப்புப் பகுதியில் அனுமதியின்றி உப்பு காய்ச்சுகிறார்.' விசாரிக்க வந்தவர் என்னிடம் வேலை பழகியவர். தொட்டியைப் பார்த்தார். வெறும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"மீன் எங்க?"

"வரும் சார். மொதல்ல ஆறு வாரம் வெறும் தண்ணி ஓடணும். கண்ணுக்குத் தெரியாத பூச்சி வளரணும்."

விசாரிக்க வந்தவர் என்னை ஓரமாக அழைத்து, "சார், இவருக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார். பயனாளி யாரும் இல்லாமல் ஆறு வாரம் ஓடும் திட்டம் நம் துறைக்குப் புதிதா என்று கேட்டேன். அறிக்கையை நானே சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு போனார்.

மீன் வந்தது. ஜோடியாக வந்தது. காளான் மாதிரியும் விரல் மாதிரியும் பவளங்கள் வந்தன. கண்ணாடியில் படியும் பாசியைத் தின்ன, எலுமிச்சம்பழ அளவில் நாலு நத்தைகள் வந்தன, மூன்று பெருசுக்கு, ஒன்று கீழதுக்கு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் எங்களால்தான் கொஞ்சம் பார்க்க முடிந்ததே தவிர, நாடாவால் முடியவில்லை. உப்பு அளக்கிறார், சூடு அளக்கிறார், பம்பில் காது வைத்துக் கேட்கிறார். சித்திரை வெயிலில் எங்கள் ஊரில் குழாயைத் திறந்தால் டீத்தூள் போடுகிற பதத்தில் தண்ணீர் வரும். கடலுக்கோ இருபத்தாறு டிகிரி வேண்டும். இரண்டு ஆண்டுகள் அந்த மனிதர் வெளியூரில் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. மகள் கல்யாணமே அதனால்தான் திருத்தணியில் நடந்தது. சாமி சன்னதியில் நடத்துவதாக வேண்டுதல் என்று சம்பந்தி வீட்டாரிடம் சொல்லிவைத்திருந்தார். தாலி கட்டிய கையோடு, மேளச் சத்தம் அடங்குவதற்குள் படியிறங்கி வந்து உப்பு அளந்துவிட்டுத் திரும்பி ஏறினார்.

கீதா கர்ப்பமானாள். அறையில் கடல் இருந்ததால் பிறந்த வீட்டுக்கு வர வழியில்லை. பிரசவம் அவள் கணவனோடு குடியிருந்த பெங்களூரிலேயே என்று முடிவாயிற்று. சுசீலா துணைக்குப் போகப் பெட்டி கட்டினாள். கட்டிவிட்டு, என்னையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, தன் தீர்ப்பைச் சொன்னாள்.

"கொழந்தைக்குப் பேர் வெக்கிற அன்னிக்கு நீ அங்க இருக்கணும் பாவா. வந்து மூஞ்ச காட்டிட்டு அடுத்த ரயிலுக்கு ஓடி வர கதையெல்லாம் வேணாம். ஆறு நாளு தங்கணும். இல்லாட்டி நா அங்கயே இருந்துடறேன். நீ இந்த மீனுங்கள கட்டிகினு அழு."

அவள் குரல் உயரவில்லை. அதனால்தான் நாடா முதன்முறையாகப் பயந்தார்.

"ஆறு நாளு சார். ஆறு நாளு நா இல்லாம இது ஓடணும். நீங்கதான் ரூல்ஸ் எழுதிக் குடுக்கணும்."

இப்போது அவர் செய்த தானியங்கிப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விசைத்தறியில் நீளவாக்கில் ஓடும் ஒவ்வொரு பாவு நூலிலும் மெல்லிய தகடு ஒன்று தொங்கும். நூல் அறுந்தால் தகடு கீழே விழும். விழுந்த மறுகணம் தறி நின்றுவிடும். இல்லையென்றால் அறுந்த நூலோடு கஜக்கணக்கில் துணி ஓடிப் பாழாகும். இருபத்தைந்து ஆண்டுகள் நாடா பழகியது இந்த வித்தையைத்தான். கடலுக்கும் அதையே செய்தார். ஒரு மரப்பெட்டியில் வரிசையாக இருபத்திரண்டு தகடுகள். ஒன்று சூட்டுக்கு, ஒன்று நீர்மட்டத்துக்கு, ஒன்று பம்புக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. எங்கே பிசகு நடந்தாலும் அதற்கான தகடு விழும், எல்லாமே நிற்கும், 'நூல் அறுந்தது' என்று அவருடைய கைப்பேசிக்குச் செய்தி போகும்.

எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்திருந்தது. சந்தேகம் வந்தால் நிறுத்தி வை என்பதுதான் என் துறையின் அடிப்படையும். உற்சாகமாக உட்கார்ந்து நிலையாணை எழுதினேன். 'இயக்கம் நின்றுபோனால் பொறுப்பாளர் எதையும் தொடலாகாது. உரியவருக்குத் தகவல் தெரிவித்துவிட்டு, மறு உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும்.' பொறுப்பாளர் நான். கீழே நானே கையொப்பமும் இட்டேன்.

சுசீலா ஊருக்குப் போகும் முன்பே ஒரு வெள்ளோட்டம் நடத்தினோம். நாடா என் வீட்டில் ஆறு நாள் தங்க வேண்டும். பெங்களூரில் இருப்பதாகப் பாவனை. மனைவி இறந்து, மகன் வெளிநாடு போன பிறகு என் வீட்டில் இரண்டாவது தட்டு வைத்தது அப்போதுதான். தட்டு வைத்தேனே தவிர, அதன் முன்னால் அவர் உட்காரவில்லை. நின்றபடியே இட்லி. கை கழுவும் வழியில் சுவரில் காது.

"சார், மூணாவது பம்பு மூச்சு வாங்குது."

"நீங்க பெங்களூர்ல இருக்கீங்க நாடா. அவ்வளவு தூரம் கேட்காது."

மதியம் சுசீலா சுவருக்கு மேலாகக் குழம்பு நீட்டுவாள். "இன்னா பாவா, பெங்களூர்ல மழையாமே?" என்பாள் முகம் மாறாமல். அவர், "பெருசு விளக்கு எரியுதா பாரு" என்பார். "போன் கட் ஆவுது பாவா" என்று போய்விடுவாள்.

மாலையில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "தனியா கீறீங்க சார். உங்களுக்கும் இது மாரி ஒரு பெட்டி செஞ்சி வெக்கட்டா? விழுந்து கிழுந்து வெச்சா தெரியும்ல?" என்றார். விண்ணப்பிக்காதவருக்கு எதையும் வழங்கும் வழக்கம் இல்லை, நான் விண்ணப்பிக்கவும் போவதில்லை என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்தேன். இரண்டாம் நாள் குளியலறைக்குப் போனவர் முக்கால் மணி நேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் ஜன்னல் திறந்திருக்கிறது. 'பெங்களூரிலிருந்து' எகிறிக் குதித்து, தன் வீட்டில் உப்பு அளந்துகொண்டிருந்தார். வெள்ளோட்டம் வெற்றி என்று பதிவு செய்தோம். தொட்டிகள் தேறிவிட்டன, அவர் மட்டும்தான் தேறவில்லை.

கீதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கும் நாள் குறித்தார்கள். அரக்கோணத்தில் ரயில் ஏற்றிவிட நானும் போனேன். ஏறி, இறங்கி, நாலாவது தகடு கொஞ்சம் இறுக்கம் என்று சொல்லி, மறுபடி ஏறினார். வண்டி நகர்ந்த பிறகும் ஜன்னல் வழியாகக் கை ஆட்டவில்லை. பம்பு எப்படிச் சுற்ற வேண்டும் என்று சைகை காட்டிக்கொண்டே போனார். முதல் இரண்டு நாளில் அவர் செய்த அழைப்புகளை எண்ணுவதை நான் பாதியில் விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள்தான் பெயர் வைக்கிற நாள். இங்கே அன்று கிருத்திகை. தெரு முழுக்கக் காவடி, பம்பை மேளச் சத்தம், மஞ்சள் துணி. காலை ஒன்பதரைக்கு அவர் வீட்டைத் திறந்து உள்ளே போனேன். சத்தம் இல்லை. இரண்டு ஆண்டுகளாகச் சுவர் வழியே கேட்டுக் கேட்டு எனக்கே பழகிவிட்ட இரைச்சல், இல்லை. பெட்டியில் ஒரு தகடு விழுந்திருந்தது: கீழதின் நீர்மட்டம். கீழதைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் கோட்டுக்குச் சரியாக இருந்தது. தகட்டைத் தூக்கி வைத்தேன். விழுந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தது.

பெருசில் கோமாளி ஜோடி தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தது. அசையாத தண்ணீரில் காற்று தீர்ந்துகொண்டே வரும் என்று நாடா சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது இதுவும்தான்: நாலு மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.

எலெக்ட்ரீஷியன் முருகேசனுக்குப் போன் போட்டேன். பம்பைச் சத்தத்துக்கு நடுவே மூச்சிரைக்கப் பேசினார்.

"சார், காவடி எடுத்துகினு ஏறிகினு கீறேன். நூத்தி இருவதாவது படி. எறங்கி வரட்டா?"

"வேண்டாம் முருகேசன், மேலே போங்க" என்றேன். வேண்டுதலில் பாதியில் இறங்கச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது.

நிலையாணைப்படி அடுத்தது உரியவருக்குத் தகவல். போட்டேன். எடுத்தது சுசீலா.

"சார், போனு என்கிட்டதான் கீது. காலைலயே புடுங்கி வெச்சிட்டேன்." குரலைத் தாழ்த்தினாள். "ஏதோ நூலு அறுந்துச்சின்னு மெசேஜு வந்துச்சி. அவருகிட்ட காட்டல. சார்... கொழந்தைய மடில வெச்சினு உக்காந்துகினு கீறாரு. அரை மணி நேரமா. எழுந்துக்கவே இல்ல சார். எனக்கே பயமா கீது."

பின்னாலிருந்து நாடாவின் குரல் கேட்டது. "யாரு, சாரா? குடு." போன் கைமாறியது.

சொன்னால் அடுத்த நிமிடம் எழுந்துவிடுவார். அது எனக்குத் தெரியும். வண்டி பிடித்து அவர் இங்கே வந்து சேர மாலை ஆகிவிடும். அதற்குள் மீன்களும் போயிருக்கும், அங்கே சுசீலாவின் தீர்ப்பும் அமலுக்கு வந்திருக்கும். அடுக்களையிலிருந்து எடுத்து வந்திருந்த சொம்பு கையில் இருந்தது. பெருசில் ஒரு சொம்பு மொண்டு, டீ ஆற்றுவதுபோல் உயரத்திலிருந்து ஊற்றினேன்.

"எல்லாம் ஓடுதா சார்?"

"ஓடுது." அரசுப் பணியையும் சேர்த்து இத்தனை ஆண்டில் நான் கொடுத்த முதல் பொய் அறிக்கை அது. கையெழுத்து இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

"இன்னா சார் அங்க சளசளன்னு சத்தம்?"

"குளிக்கிறேன்."

"போனு பேசிகினா?"

"ரிட்டையர் ஆனவன். எப்படி வேண்டுமானாலும் குளிப்பேன். குழந்தையைப் பாருங்க. யார் ஜாடை?"

"அத சொல்லத் தெரியல சார்" என்றார். வாழ்நாளில் அவர் அப்படி மெதுவாகப் பேசிக் கேட்டதில்லை. "தூங்கிகினு கீது. ஆனா கையும் காலும் ஆடிகினே கீது."

போனை வைத்துவிட்டு ஆற்ற ஆரம்பித்தேன். பெருசில் ஐம்பது சொம்பு. ஓடிப்போய்ப் பாசியில் இருபது. ஆசுபத்திரியில் புதிதாக வந்த ஒரு மீன் தனியாக இருந்தது, அதற்கு இருபது. திரும்பப் பெருசு. இடையில் என் வீட்டுக்குச் சுவரேறிக் குதித்து, பிரிட்ஜில் உறைந்திருந்த தண்ணீர்ப் பாட்டில்களைக் கொண்டுவந்து மிதக்க விட்டேன். சுவரேறியபோதுதான் கேட் வழியே போவது சுற்று வழி என்பது எனக்கும் புரிந்தது. தோள்பட்டை கழன்று விழும்போல் இருந்தது. வேட்டி முழங்காலுக்கு மேல், சட்டை தெப்பல். எதையும் தொடாமல் மறு உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டிய பொறுப்பாளர், அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தார்.

ஒரு மணிக்குக் கை வழுக்கிச் சொம்பு கீழதின் உள்ளே விழுந்தது. எடுக்கக் குனிந்து, குழாய்க்குப் பின்னால் கை விட்டுத் துழாவியபோது, வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. நத்தை. நீர்மட்டம் காட்டும் மிதவையின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அது உட்கார்ந்த கனத்தில் மிதவை தாழ்ந்துபோக, தண்ணீர் வற்றிவிட்டதாகப் பெட்டி முடிவு செய்து, சகலத்தையும் நிறுத்தியிருக்கிறது. ஓர் அலுவலகத்தை இவ்வளவு நிதானமாக ஸ்தம்பிக்க வைத்தவர்களை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களைக் கையால் தூக்கி வேறு இடத்தில் வைக்க முடிந்ததில்லை. இதை முடிந்தது. தகட்டைத் தூக்கினேன். விழாமல் நின்றது. கடல் இரைந்தது. நான் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். காளான் பவளம் ஒன்று மட்டும் இரண்டு நாள் சுருங்கிக் கிடந்து மறுபடி விரிந்தது. மற்றபடி சேதாரம் இல்லை.

ஆறு நாளைக்குப் போனவர் ஒன்பதாம் நாள் வந்தார். கூட சுசீலாவும் வந்தாள். வந்ததும் தொட்டிகளைப் பார்த்தார், பிறகு அடுக்களைச் சொம்பைப் பார்த்தார். அதன் விளிம்பில் உப்பு பூத்திருந்தது. என் கைக்கடிகாரத்தின் பட்டையைப் பார்த்தார். அதிலும்.

"சார், அன்னிக்குக் குளிச்சீங்களே, உப்புத் தண்ணிலயா?"

சுசீலா உள்ளே காபி போடப் போய்விட்டாள். நாடா பெட்டியின் முன்னால் நின்றார். நின்றார் என்றால் நிஜமாகவே நின்றார்.

"தறில நூலு அறுந்தா நிக்கணும் சார். நின்னாதான் துணி பொழைக்கும். இது நின்னா செத்துடும். இது கூட தெரியாம கட்டி வெச்சிகீறேன் பாருங்க. இத்தினி வருசம் நிறுத்தறதுதான சார் நம்ம தொழிலு?"

"என் தொழிலும் அதுதான்" என்றேன்.

நான்கே நாளில் பெட்டியைப் பிரித்து மாற்றிக் கட்டினார். இனி ஒன்று பழுதானால் அது மட்டும் ஓயும், மற்றவை ஓடும், தகடு சேதி மட்டும் சொல்லும். மிதவையைச் சுற்றி நத்தை ஏறாமல் ஒரு வலை. எல்லாம் முடிந்ததும் சுவரைத் தாண்டி வந்து, என் கேட் கிறீச்சிடுகிறது என்று எண்ணெய் போட்டார். தாழ்ப்பாளுக்குப் பின்னால் ஒரு சின்ன டப்பாவையும் முடுக்கினார். என்ன அது என்றேன். துரு பிடிக்காமல் இருக்க என்றார். பெட்டியில் இருபத்து மூன்றாவதாக ஒரு தகடு கூடியிருந்ததையும் கவனித்தேன். "அது ஸ்பேரு சார்" என்றார். உபரிப் பணியிடம் என்று நானும் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு பெங்களூருக்கும் திருத்தணிக்குமாக நாடா பாய்ந்துகொண்டிருந்தார். போன வருடம், பேத்தி நடக்க ஆரம்பித்ததும், மொத்தமாகவே கிளம்பிவிட்டார்கள். கடலை லாரியில் ஏற்றினார். நாடாவும் பின்னால் தொட்டிகளோடேயே ஏறிக்கொண்டார். ராணிப்பேட்டை தாண்டுவதற்குள் ஒன்பது முறை லாரியை நிறுத்தினார் என்று டிரைவர் பிறகு என்னிடம் வந்து அழுதார். வீடு பூட்டிக் கிடந்தது. ஆனால் மின் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அந்தப் பெட்டியையும் கழற்றவில்லை. காலி வீட்டுக்கு எதற்கு மின் இணைப்பு, முறைப்படி எழுதிக் கொடுத்துத் துண்டிக்கச் சொல்லலாமே என்று போனில் சொன்னேன். "ஆங் சார், பண்ணிடலாம்" என்றார். பண்ணவில்லை. எனக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இரைச்சல் இல்லாமல் தூக்கம் வரச் சில மாதம் ஆயிற்று.

சென்ற மாதம் எனக்குக் காய்ச்சல். காலையில் எழுந்திருக்க முடியவில்லை. பால் பாக்கெட் கேட்டில் தொங்கட்டும் என்று போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். ஏழு அடித்துப் பத்து நிமிடம். போன் அடித்தது.

"சார், அஞ்சாவது நின்னுபோச்சி."

"என்ன அஞ்சாவது? நாலு தொட்டிதானே? அங்கே உங்களோடதானே இருக்கு?"

"நாலு இங்க கீது சார். அஞ்சாவது அங்க கீது. ஏழு மணிக்குள்ள கேட்டு தெறக்கணும். தெறக்கல, அந்த ஸ்பேரு தகடு விழுந்துச்சி. இன்னா ஆச்சு, மொதல்ல சொல்லுங்க."

நான் சொல்லி முடிப்பதற்குள் சுவரேறிக் குதித்து வந்து நின்றார் எலெக்ட்ரீஷியன் முருகேசன். கையில் இட்லிப் பொட்டலம். "நாடா அண்ணன் போன் பண்ணாரு சார்" என்றார். என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சல்தான்ணா, வேற ஒண்ணும் இல்ல" என்று என் போனிலேயே அறிக்கை கொடுத்தார்.

போனைத் திரும்ப வாங்கி, "நான் இதற்கு விண்ணப்பிக்கவே இல்லையே நாடா" என்றேன்.

"சேங்ஷன் ஆயி ரெண்டு வருசம் ஆச்சி சார்" என்றார். பின்னால் ஒரு குழந்தை 'தாத்தா' என்று இழுத்தது. "படுங்க சார். பாப்பா மடில ஏறணுமாம். நா போயி உக்காரணும்."

அன்றிலிருந்து, உடம்பு எப்படி இருந்தாலும், ஏழு மணிக்கு முன்னால் எழுந்துபோய் கேட்டை ஒரு முறை திறந்து மூடிவிடுகிறேன். பெங்களூரில் ஒரு மனிதர் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரை எழுப்பிவிடக் கூடாது.